நாலு மணிக்குள் ஆறு இலக்கம்

"மெஹ்னாஸ்மா, உங்க ஷ்யாம்சுந்தர் சார் காலங்காத்தாலயே மெயில் போட்டுட்டாரு. படிக்கட்டுமா?"

சமையலறையில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த மெஹ்னாஸுக்குக் கை அப்படியே நின்றது.

ஹாலில் மாமனார் அப்துல் ரசாக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய போன். அது ஒன்றும் அதிசயமில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் இருந்த அந்த வீட்டில் எந்தப் போனுக்கும் தனிச் சொந்தக்காரர் கிடையாது. டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புத் தட்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லார் போனும் அதில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். செய்தி வந்தால் கண்ணில் பட்டவர் படித்துச் சொல்வார். ஒன்றுக்கும் லாக் கிடையாது.

ரசாக் காலையில் பேப்பர் படிக்கிற மாதிரி மூன்று போன்களையும் வரிசையாக எடுத்துப் படிப்பார். மகன் ஷாகுலின் டைல்ஸ் கடைக்கு வந்த ஆர்டர், தெருக்காரர்கள் குழுவில் நடக்கும் தண்ணி லாரிச் சண்டை, மருமகளின் ஆபீஸ் மெயில் எல்லாமே ஒரே குரலில் வரும்.

"'இறுதி நினைவூட்டல்'னு போட்டுகீது. 'அனைத்துப் பணியாளர் கவனத்திற்கு. பல்கலைக்கழக மின்னஞ்சல் வரும் கைபேசிகளில் ஆறு இலக்கக் கடவு எண் வைத்தல் கட்டாயம். இன்று மாலை நான்கு மணிக்குள் கைபேசியை நேரில் காட்டிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கடவு எண்ணைக் குடும்பத்தினர் உட்பட எவருக்கும்...'"

குரல் அங்கே நின்றது.

"கடவு எண்ணுன்னா இன்னாமா?"

மெஹ்னாஸ் சமையலறை வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் மாவு.

"லாக் மாமா."

ரசாக் மீதியை வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணால் கடைசி வரி வரை போனார். போனைத் தட்டில் வைத்தார். மற்ற இரண்டு போன்களையும் தொடவில்லை.

"அடுப்புல தண்ணி வழியுது பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இவரிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள் மெஹ்னாஸ். கடைசியில் அவராகவே படித்துத் தெரிந்துகொண்டார். அதிலும் அவள் போனிலேயே.

அந்த வீட்டில் லாக் என்ற சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ரசாக்கின் மூத்த மகன் ஜமீர் வண்டலூர் பாலத்துக்குக் கீழே லாரியில் அடிபட்டான். யாரோ தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பர்ஸ் எங்கோ விழுந்துவிட்டது. சட்டைப் பையில் போன் மட்டும் இருந்தது. அது லாக். பெங்களூருக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவன் என்பதால் வீட்டிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. அஞ்சு மணி நேரம் பேர் ஊர் தெரியாதவனாகக் கிடந்தான். தகவல் வந்து இவர்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. "நாங்களும் பாத்தோம் சார், அது நம்பர் கேட்டுது" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். ரசாக் அதை இன்றுவரை மறக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றே பிரம்புத் தட்டை வாங்கி வைத்தார்.

அவள் கணவன் ஷாகுல் தலை துவட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன, வீடே கப்சிப்னு இருக்கு?"

"மாமாவுக்குத் தெரிஞ்சிடுச்சு மச்சான். ஃபார்ம் விஷயம்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

"நான் பேசிக்கறேன் விடு" என்றான் ஷாகுல். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் அவன் சொல்லி வந்தது அதையேதான்.

* * *

தணிகாசலம் பல்கலைக்கழகத்தின் ஸ்டாஃப் பஸ் பெருங்களத்தூரில் ஏற்றிக்கொண்டு முடிச்சூர் வழியாக மணிமங்கலம் ரோட்டில் திரும்பும். முக்கால் மணி நேரப் பயணம். தேர்வுப் பிரிவில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கும் மெஹ்னாஸுக்கு ஜன்னலோர சீட் எழுதி வைக்காத உரிமை. இன்று அங்கே உட்கார்ந்தும் அவள் வெளியே பார்க்கவில்லை.

அடுத்த மாதம் வினாத்தாள் அறையின் சாவி அவள் கைக்கு வர வேண்டும். தேர்வு நடக்கும் காலத்தில் அந்த அறைக்குள் இரண்டே பேர்தான் போகலாம். தேர்வுக் கன்ட்ரோலர் ஷ்யாம்சுந்தர் ஒருவர். சாவி வைத்திருப்பவர் இன்னொருவர். ஒன்பது வருஷம் விடைத்தாள் கட்டு எண்ணிய கைக்கு அது சின்ன விஷயமில்லை. இந்த நேரத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியுமா?

இந்தக் கெடுபிடி எல்லாம் வந்ததற்குக் காரணம் திங்கட்கிழமை நடந்த கூத்து. மறுமதிப்பீட்டு முடிவுகளைப் புதன்கிழமை அறிவிப்பதாக இருந்தது. ஞாயிறு சாயங்காலமே சரிபார்ப்பதற்காகக் கன்ட்ரோலர் அந்தப் பட்டியலைப் பிரிவில் ஐந்து பேருக்கு மட்டும் மெயிலில் அனுப்பினார். திங்கள் காலை அது மாணவர்கள் போனில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாளே கடவு எண் உத்தரவு வந்துவிட்டது.

தேர்வுப் பிரிவு வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டுக் கணினிப் பிரிவு செல்வமேரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ரிஜிஸ்டர். எதிரே வரிசை.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு. போட்டாச்சு" என்றார் அரிகிருஷ்ணன். பிரிவிலேயே சீனியர் அவர்.

"அதை அது எடுத்துக்காது சார்."

"ஏன், எனக்கு ஞாபகம் இருக்கற ஒரே நம்பர் அதான்மா."

"எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற நம்பர் சார் அது. வேற போடுங்க. கல்யாண நாள், பிறந்த நாள் வேணாம்."

"கல்யாண நாள் எனக்கு எங்கம்மா ஞாபகம் இருக்கு? அதனால தைரியமா போடலாம்."

வரிசை சிரித்தது. செல்வமேரியும் சிரித்துவிட்டு மெஹ்னாஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், நீங்க மட்டும்தான் பாக்கி. வாங்க, ரெண்டு நிமிஷம்."

"சாப்பிட்டு வந்து போடறேன் மேரி."

"நாலு மணிக்கு மேல மெயில் தானா கட் ஆயிடும் மேடம். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

அதற்குள் பியூன் வந்தார். கன்ட்ரோலர் கூப்பிடுகிறாராம்.

ஷ்யாம்சுந்தர் கடுமையான மனுஷன் இல்லை. கஷ்டமான விஷயத்தைப் பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மெஹ்னாஸ் உள்ளே போனபோது துடைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க மெஹ்னாஸ். வெளியே சுத்தின லிஸ்ட் முழுசா நேத்து சாயந்தரம் கிடைச்சுது. ஒரு ஸ்டூடண்ட் கொண்டுவந்து கொடுத்தான்."

பின் அடித்த தாள்களை அவள் பக்கம் தள்ளினார். பதினோரு பக்கம். அவள் புரட்டினாள். எல்லாம் தெரிந்த பெயர்கள், தெரிந்த எண்கள்.

"ஒவ்வொரு பக்கத்திலும் அடியில பாருங்க. மங்கலா இருக்கும்."

கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். சாம்பல் நிறத்தில், தூசி படிந்த மாதிரி, பொடி எழுத்து. அவளுடைய பெயர்.

"அஞ்சு பேருக்கும் அவங்கவங்க பேர் போட்ட காப்பியைத்தான் அனுப்பினேன். யாருக்கும் சொல்லல. போன செமஸ்டர்ல இருந்தே அப்படித்தான். வெளியே போனது உங்க காப்பி."

மெஹ்னாஸ் தாள்களைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் யாரோ ஒருவர் மீது வந்த பழி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அனுப்பல சார்."

"நீங்க அனுப்பி இருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். உங்க போனை வேற யார் தொடுவாங்க?"

வீட்டு ஹாலும் பிரம்புத் தட்டும் கண் முன்னால் வந்தன. என்ன சொல்வாள்? எல்லாரும் என்றா?

ஷ்யாம்சுந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நாலு மணிக்குள்ள எழுதிக் கொடுங்க. யாரும் தொட மாட்டாங்கன்னு எழுதினா, நீங்கதான் அனுப்பினதா ஆகும். அப்புறம் இந்தப் பிரிவுல உங்களை வெச்சுக்க முடியாது. ஹாஸ்டல் ஆபீசுக்கு மாத்திடுவாங்க. யாராவது தெரியாம செஞ்சிருந்தா, யாருன்னு எழுதுங்க. அதை நான் பேசி முடிக்கப் பாக்கறேன்."

* * *

ஜும்மா முடிந்திருக்கும் நேரம் பார்த்து ஷாகுலுக்குப் போன் செய்தாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்தில் அவன் கடை. பின்னால் டைல்ஸ் அறுக்கிற மெஷின் சத்தம்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை என் போன்ல இருந்து ஒரு லிஸ்ட் வெளிய போயிருக்கு. ரிசல்ட் லிஸ்ட். என் பேர் அதுல இருக்கு."

"உன் பேரா?"

"நீங்க யாருக்காவது அனுப்பினீங்களா?"

"நான் எதுக்கு அனுப்பறேன்?" மெஷின் சத்தம் நின்றது. "அத்தாவைக் கேட்டியா?"

"நான் எப்படிக் கேப்பேன்? காலைல இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. லாக்குன்னு நான் சொன்னதோட சரி."

ஷாகுல் கடைக்கு வெளியே வந்துவிட்டான் போல, ரோட்டுச் சத்தம் கேட்டது.

"நான் அனுப்பினேன்னு எழுதிக் கொடுத்துடு."

"என்ன மச்சான் இது?"

"என் பேரைப் போடு. எனக்கு அங்க என்ன வேலையா, சம்பளமா? என்ன பண்ணிடுவாங்க? அத்தாவை இதுல இழுக்காத."

"நீங்கதான் அனுப்பலைன்னு சொல்றீங்களே."

"அதனால என்ன? எழுது."

"பொய்யை எழுதிக் கொடுத்துட்டு, ஃபார்ம்லயும் கையெழுத்துப் போட்டுட்டு, வினாத்தாள் ரூம் சாவியை வாங்கிக்கவா?"

"அப்ப உன் இஷ்டம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "நான் அத்தாகிட்ட கேக்கறேன்."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மூடினாள். எழுத உட்கார்ந்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே பேனா நகரவில்லை.

இரண்டரை மணிக்கு கேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், உங்களைப் பாக்க ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒருத்தர் அமைதியா இருக்கார். இன்னொருத்தர்தான் சண்டை போடறார்."

* * *

சண்டை போட்டவர் பக்கத்து வீட்டு சிட்டிபாபு. ஏரிக்கரையில் நஞ்சை வைத்திருந்த குடும்பம். இப்போது அந்த இடத்தில் மூன்று வாடகைக் கட்டடம் நிற்கிறது. செக்யூரிட்டியின் ரிஜிஸ்டர் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"பேரு போட்டாச்சி, ஊரு போட்டாச்சி, வண்டி நம்பர் போட்டாச்சி. 'வந்த காரணம்'னு இன்னாய்யா ஒரு கட்டம்? எங்க பாய் அவரு மருமகளப் பாக்க வந்துகீறாரு. அதுக்கு இன்னா காரணம் வேணும்?"

பக்கத்தில் மரத்தடி பெஞ்சில் ரசாக். வெள்ளை ஜிப்பா, மடித்துப் பையில் வைத்த தொப்பி. தொழுதுவிட்டு நேராக வந்திருக்கிறார் என்று அத்தர் வாசனையே சொன்னது.

"மாமா, இந்த வெயில்ல ஸ்கூட்டர்லயா வந்தீங்க?"

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். சிட்டிபாபு சண்டையை அப்படியே நிறுத்திவிட்டு, ரிஜிஸ்டரைப் படிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செருப்பு மாட்டிக்கினு இருந்தேன், ஷாகுல் போன் பண்ணான். 'அத்தா, மெஹ்னாஸ் போன்ல இருந்து லிஸ்ட் எதனா அனுப்பினீங்களா'ன்னான். ஆமாடான்னேன். டக்குனு வெச்சிட்டான். அவன் வெச்ச தினுசுலயே ஏதோ பேஜாரு ஆயிடிச்சின்னு புரிஞ்சிது." முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான்தாம்மா அனுப்பினேன்."

"யாருக்கு மாமா?"

"இவருக்குத்தான்."

சிட்டிபாபு திரும்பினார். "எங்க ஜெயஸ்ரீ பேரு அதுல இருந்துச்சிம்மா. பாய் எனக்கு மட்டும்தான் அனுப்பினாரு. நான் யாருக்கும் அனுப்பல. சத்தியமா சொல்றேன், எனக்கு அனுப்பவே தெரியாது. வந்ததைப் பாக்கத்தான் தெரியும்."

ஜெயஸ்ரீ இங்கேதான் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஒரு பேப்பரில் அரியர் விழுந்து மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருந்தாள். மெஹ்னாஸுக்கு அது தெரியும். அந்தப் பெண் இரண்டு முறை வாசலில் நிறுத்தி "அக்கா, எப்ப வரும்" என்று கேட்டிருக்கிறாள். "புதன்கிழமை வரும்" என்பதற்கு மேல் மெஹ்னாஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அது ஆபீஸ் பேப்பர் மாமா. வெளிய போகக்கூடாது."

"ஆபீஸ் பேப்பர்தான். இல்லேங்கல." ரசாக் நிதானமாகச் சொன்னார். "ஆனா அதுல இருந்தது அந்தப் பொண்ணோட சேதி. பத்து நாளா சரியா சாப்புடாம அழுதுகினு கீது. சுவத்துக்கு அந்தாண்ட சத்தம் கேக்குது. அது பாஸுன்னு இந்தாண்ட என் கையில கீது. நான் எப்டிம்மா வெச்சிக்கினு உக்காந்திருப்பேன்?"

 அஞ்சு மணி நேரம் ஒரு சேதி வந்து சேராத வீடு அது. அவர் யார் சேதியையும் ஒரு நிமிஷம் கையில் வைத்திருக்க மாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, கல்யாணம் நிச்சயமானாலும் சரி, உரியவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ஆறு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு, அவர் கையில் தன் ஆபீஸ் மெயிலையும் விட்டு வைத்தவள் அவள்தான்.

"உள்ள கூட்டினு போம்மா. உங்க சார்கிட்ட நானே சொல்லிடறேன். மருமக மேல தப்பு இல்ல, கெயவன் செஞ்சதுன்னு."

"இருங்க மாமா. எப்படி அனுப்பினீங்க? ஃபைலை அப்படியே தள்ளினீங்களா?"

"அதெல்லாம் எனக்கு வராது. மேல இருந்து பேரு பாத்துக்கினே வந்தேன். ஜெயஸ்ரீ பேரு வந்துது. நின்னுட்டேன். மூணு விரலை வெச்சி இழுத்தா போட்டோ புடிச்சிக்குமே, அதான் புடிச்சேன்."

"ஒரு பக்கமா?"

"ஒரே பக்கம். மத்தவன் மார்க்கு எனக்கு எதுக்கு? அதுக்கு அப்பால எத்தினி கீதுன்னு கூட நான் பாக்கல."

சிட்டிபாபு தன் போனை எடுத்து நீட்டினார். ஞாயிறு சாயங்காலம் ஆறு பத்து. ஒரே ஒரு படம். அதன் கீழே ரசாக் கைப்பட அடித்திருந்தார்: 'பாஸ். சாப்பிட சொல்லு.'

மெஹ்னாஸ் அதை இரண்டு தடவை படித்தாள்.  கன்ட்ரோலர் மேசையில் கிடப்பது ஒரு படம் இல்லை. முழு ஃபைல். அதையும் அவள் போனிலிருந்துதான் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அது இவர் இல்லை.

யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்தாள்.

"வாங்க மாமா. உள்ள ஃபேன் இருக்கு. உக்காருங்க. நான் சாரைப் பாத்துட்டு வர்றேன்."

* * *

ரசாக்கையும் சிட்டிபாபுவையும் செல்வமேரியின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தன் சீட்டுக்குப் போய் எழுதினாள். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. மூன்றே கால் மணிக்குக் கன்ட்ரோலர் முன்னால் தாளை வைத்தாள்.

ஷ்யாம்சுந்தர் படித்தார். முகம் தெளிந்தது.

"வயசானவர். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்காக. இது போதும் மெஹ்னாஸ். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிச்சிடலாம். சாவி உங்களுக்குத்தான்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா இந்த மூணாவது பாராவை எடுத்துடுங்க."

மூணாவது பாராவில் அவள் எழுதியிருந்தது இதுதான்: என் மாமனார் அனுப்பியது ஒரு பக்கத்தின் படம் மட்டும். முழுப் பட்டியலை அவர் அனுப்பவில்லை. அதை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அதை எடுத்தா, எல்லாத்தையும் அவர் அனுப்பினதா ஆகும் சார்."

"ஆகட்டுமே. அவருக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்ல. அந்தப் பாரா இருந்தா எனக்கு வேற வழியில்ல, விசாரணைக் கமிட்டிக்கு அனுப்பணும். உங்க வீட்ல யாரு, ஆபீஸ்ல யாருன்னு ஒவ்வொருத்தரா கூப்பிடுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மெஹ்னாஸ் யோசிக்கத்தான் செய்தாள். ஒன்பது வருஷத்தை யோசித்தாள். ஒரு பாரா. ஒரு கோடு போட்டு அடித்தால் சாவி. அந்த மனுஷர் சந்தோஷமாகப் பழியை ஏற்றுக்கொள்வார், இதோ வெளியே அதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நாளைக்கே தெருவில் ஒருத்தன் 'பாய் வூட்ல இருந்துதான் எல்லார் மார்க்கும் லீக் ஆச்சாம்' என்று சொன்னால், அந்த மனுஷர் தெருவில் இறங்கி நடப்பாரா?

"இருக்கட்டும் சார்" என்றாள்.

"நிச்சயமா?"

"செய்யாததை அவர் தலைல கட்ட முடியாது சார்."

ஷ்யாம்சுந்தர் தாளைக் கோப்பில் போட்டார். நாடாவைக் கட்டினார்.

"திங்கட்கிழமை பத்தரைக்குக் கமிட்டி. அதுவரைக்கும் சாவி என்கிட்டயே இருக்கட்டும். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டாச்சா?"

"இப்ப போடறேன் சார்."

மணி மூணு நாற்பது. செல்வமேரியின் மேசையில் வேறு யாரும் இல்லை. சிட்டிபாபு நாற்காலியில் தூங்கிவிட்டார். ரசாக் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா" என்றாள் மெஹ்னாஸ். அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"போடும்மா" என்றார் ரசாக். "நீ போடலைன்னா நான் இன்னொருத்தர் சேதியைப் படிப்பேன். என்னை எனக்குத் தெரியும்."

அவள் முதல் எண்ணைத் தொடுவதற்குள் அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. ஆறு இலக்கம். மறுபடி ஆறு இலக்கம். செல்வமேரி ரிஜிஸ்டரில் டிக் அடித்தாள்.

"அவ்வளவுதான் மேடம். அப்படியே அவசரத் தகவலும் போட்டுடறேன். உங்க பேர், ரத்த குரூப், வீட்டுக்காரர் நம்பர்."

"அது இன்னாமா?" ரசாக் திரும்பினார்.

"லாக்கைத் திறக்காமலே இதைப் பாக்கலாம் சார். ரோட்ல எங்கயாவது மயங்கி விழுந்துட்டாங்கன்னு வெச்சுக்குங்க, போனை எடுக்கறவங்க இங்க கீழ தொட்டா போதும். பேர் வரும், வீட்டு நம்பர் வரும், அப்படியே கூப்பிடவும் செய்யலாம். நம்பரே கேக்காது."

ரசாக் போனை வாங்கிப் பார்த்தார். திரை பூட்டிக் கிடந்தது. கீழே தொட்டார். மருமகள் பெயர் வந்தது. மகன் நம்பர் வந்தது.

"இது புச்சா வந்துகீதா?"

"இல்ல சார், ரொம்ப வருஷமா இருக்கு. யாரும் அந்தப் பக்கம் போறதில்ல."

"ஆறு வருஷத்துக்கு முன்னால?"

"இருந்துச்சு சார்."

செல்வமேரிக்கு ஒன்றும் தெரியாது. மெஹ்னாஸ் தலையைக் குனிந்துகொண்டாள். 

ரசாக் ஜிப்பாப் பையில் கையை விட்டுத் தன் பழைய போனை எடுத்தார். மேசையில் வைத்து, செல்வமேரி பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"இதுலயும் போட்டுக் குடும்மா."

"போடறேன் சார். யார் நம்பர் போடட்டும்?"

"என் மருமக நம்பர்" என்றார்.

* * *

ஸ்டாஃப் பஸ் பெருங்களத்தூர் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, மெஹ்னாஸ் வீடு சேர ஆறேகால் ஆகிவிட்டது. ரசாக் இன்னும் வரவில்லை. சிட்டிபாபு ஸ்கூட்டரில் அவரை நேராகப் பள்ளிவாசலில் இறக்கிவிட்டாராம். மக்ரிப் தொழுதுவிட்டுத்தான் வருவார்.

அதிசயமாக ஷாகுல் வீட்டில் இருந்தான். வெள்ளிக்கிழமையில் கடையை எட்டு மணிக்கு முன்னால் மூடுகிறவன் இல்லை. டீ போட்டு வைத்திருந்தான். அது இன்னொரு அதிசயம்.

"முடிஞ்சுதா?"

"லாக் போட்டாச்சு."

"அத்தா?"

"போடச் சொன்னதே மாமாதான்."

ஷாகுல் நம்பாமல் பார்த்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். செல்வமேரி காட்டியதைச் சொன்னாள். 'இருந்துச்சு சார்' என்று அந்தப் பெண் சொன்னதைச் சொல்லும்போது அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஜமீரின் தம்பியில்லையா.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் டீயைக் குடித்தார்கள். நாள் பூராவும் இறுகிக் கிடந்த தோள்பட்டை மெஹ்னாஸுக்கு இப்போதுதான் தளர்ந்தது.

"சரி, என்ன எழுதிக் கொடுத்த?" என்றான் ஷாகுல்.

"உண்மையைத்தான். ஜெயஸ்ரீக்காக மாமா ஒரு படம் அனுப்பினாருன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அவர் அனுப்பினது. திங்கட்கிழமை கமிட்டியாம்."

"ஏன்டி இப்படிப் பண்ண?" ஷாகுல் டம்ளரைக் கீழே வைத்தான். "எல்லாத்தையும் அத்தாதான் அனுப்பினார்னு விட்டிருந்தா இன்னியோட முடிஞ்சிருக்கும். இப்ப மீதிப் பத்துப் பக்கத்துக்கு யாரைக் கேப்பாங்க?"

மெஹ்னாஸ் டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

மாமா கடைசிப் பக்கம் வரை பார்க்கவில்லை. அந்தத் தாள்களைக் கன்ட்ரோலர் காட்டியது அவளுக்கு மட்டும். இவனிடம் அவள் சொன்னது 'லிஸ்ட்' என்ற ஒரே ஒரு வார்த்தை.

"மச்சான்."

"ம்?"

"மொத்தம் பதினோரு பக்கம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

 காலி டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தான்.

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"அத்தா வந்துட்டார்" என்று எழுந்தான், கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்பது போல.